3600 என்றால் எதன் 3600?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் இளைஞர் பக்கத்தில், வயர் இல்லாத வீடியோ கேம் கொன்ட்ரோலர்களுக்கு மீள்சார்ஜ் பற்றரி வாங்குவது எப்படி என்று ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. கடையில் இருப்பவற்றில் எண் கூடியதைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் அச்சிடுவதற்கு ஒரு வருடம் முன்பே அந்த ஆலோசனைப்படி நடந்து காசைத் தொலைத்தவள் நான். ஆகவே எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தவள். கடிதத்தையும் பொதியையும் நிறுத்து நிறுத்தே தலை நரைத்தது. ஓய்வுபெற்ற பிறகும் குசினியில் கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்திருக்கிறேன். மருமகன் சிரிப்பார். கறிவேப்பிலையைக்கூட நிறுக்கிறேனாம். இப்போது வெள்ளவத்தையில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். பேரன்மார் இருவர். கனடாவில் இருக்கும் என் மகன் மருமக்களுக்கு எக்ஸ்பொக்ஸ் ஒன்றும் இரண்டு கொன்ட்ரோலர்களும் அனுப்பிவைத்தான். வீட்டுக் கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதால் அதன் பற்றரிச் செலவும் என் தலையில்.

ஒரு கொன்ட்ரோலருக்கு இரண்டு பென்டோர்ச் பற்றரி, அதாவது AA அளவு. முதலில் பக்கத்துக் கடையில் மலிவு பற்றரி வாங்கிப் போட்டோம். நாலு நாள் தாங்கவில்லை. பந்து கோலுக்குள் போனால் கொன்ட்ரோலர் கையில் கிடந்து அதிரும், அந்த அதிர்வுக்கென்று உள்ளே இருக்கும் குட்டி மோட்டர்கள்தான் பற்றரியை உறிஞ்சுகின்றன. அதை நிறுத்திவைக்கலாம். சொல்லிப் பார்த்தேன், "அம்மம்மா, அதுதானே விளையாட்டே" என்று சின்னவன் முடித்துவிட்டான். பிறகு அல்கலைன். அது ஒரு சோடி இரண்டரைக் கிழமை வரை வந்தது. ஆனால் மாதம் ஏழெட்டு அல்கலைன் என்பது பென்சன் எடுக்கும் வீட்டுக்குச் சின்னச் செலவல்ல. போதாததற்கு, பெரியவனின் சாதாரண தரப் பரீட்சைக்காக மகள் எல்லாவற்றையும் அலுமாரியில் பூட்டிவைத்தாள். பற்றரியைக் கழற்ற ஒருவருக்கும் நினைவில்லை. பரீட்சை முடிந்து திறந்தபோது உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அல்கலைன் ஒழுகினால் வருவது காரம், ஆகவே காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்தேன். கொன்ட்ரோலர் பிழைத்தது. ஒரு ஸ்பிரிங் கறள் தின்றுபோய் இன்றைக்கும் சரிந்துதான் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் மீள்சார்ஜ் பற்றரி என்ற யோசனை வந்தது. 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். ஒரு கடையில் தம்பி ஒருவர் நாலு பற்றரியும் சார்ஜரும் சேர்ந்த அட்டையை நீட்டினார். பற்றரியின் வயிற்றில் 4800 என்று கட்டை விரல் மொத்தத்தில் அச்சு. பக்கத்தில் ஒரு யப்பான் பற்றரி, அதில் வெறும் 2000. விலையோ இரண்டு மடங்குக்கு மேல். "அன்ட்டி, இது 4800, அது 2000. நீங்களே பாருங்கோ" என்றார். நானும் பார்த்தேன், 4800-ஐ வாங்கிக்கொண்டு வந்தேன்.

முழு இரவும் சார்ஜ் போட்டு, காலையில் தொட்டால் கை சுட்டது. சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. பின்னேரம் விளையாடத் தொடங்கியவர்கள் இராச்சாப்பாட்டுக்கு முன்பே "பற்றரி இல்லை" என்று எழும்பிவிட்டார்கள். அப்போதுதான் தராசு நினைவுக்கு வந்தது. ஒன்றை எடுத்து வைத்தேன்: 15 கிராம். முதலில் கழற்றிப்போட்ட மலிவு பற்றரிக்கும் அதற்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை. மறு கிழமை திரும்பப் போய் அந்த 2000-ஐ வாங்கி வந்து வைத்தேன். 27 கிராம்.

பென்டோர்ச் பற்றரியின் சுற்றளவும் நீளமும் உலகம் முழுக்க ஒன்றுதான். 14.5 மில்லிமீற்றர் விட்டம், 50.5 மில்லிமீற்றர் உயரம். அந்தச் சின்ன வயிற்றுக்குள் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் என்ற சரக்கை எவ்வளவு அடைத்தாலும் கொள்ளளவு 2700, 2800 மில்லி அம்பியர் மணிக்கு மேல் போகாது. 4800 என்று எழுதியிருந்தால் அது பொய், நிறுத்துப் பார்க்கவே தேவையில்லை. நான் நிறுத்தது என் திருப்திக்கு.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். தராசு என்னையும் ஒருமுறை ஏமாற்றியது.

பெரியவன் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில், தன் சேமிப்பில், வேறொரு வகையை வாங்கி வந்தான். பற்றரியின் பக்கத்திலேயே சின்னத் துளை, போன் சார்ஜர் வயரை நேரே குத்தலாம். அதில் 3600 என்று எழுதியிருந்தது. நிறுத்தேன். 18 கிராம். "இதுவும் கள்ளச் சாமான், வா கடைக்கு" என்று சட்டையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். அவன் வாசலில் மறித்தான். "அம்மம்மா, 3600-க்குப் பக்கத்தில என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ." கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். மில்லி அம்பியர் மணி அல்ல, மில்லி வொட் மணி. எண் பெரிதாக, அலகு எறும்பு எழுத்தில்.

இரண்டும் வேறு கணக்கு. மில்லி வொட் மணியை வோல்ற்றால் பிரித்தால்தான் மில்லி அம்பியர் மணி வரும். அந்தப் பற்றரிக்குள் இருப்பது லித்தியம், அது இயல்பாகத் தருவது 3.7 வோல்ற். அதைச் சின்ன மின்சுற்று ஒன்று 1.5-க்கு இறக்கி வெளியே விடுகிறது. ஆக 3600-ஐ 1.5-ஆல் பிரித்தால் 2400. இறக்கும்போது போகும் சேதாரம் வேறு. அங்கே என் யப்பான் 2000, தருவது 1.2 வோல்ற். பெருக்கினால் 2400 மில்லி வொட் மணி. பேரன் வாங்கியது கூடத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3600-க்கும் 2000-க்கும் எழுத்தில் தெரியும் அந்தப் பெரிய இடைவெளி இல்லை. லித்தியம் பாரம் குறைந்த சரக்கு, ஆகவே 18 கிராம் குற்றமுமில்லை. பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொதியைக்கூடத் தப்பாக நிறுக்கவில்லை என்று பெருமை பேசியவளுக்கு அது கொஞ்சம் கசந்தது.

இந்தக் கணக்குப் பிடிபட்ட பிறகு மேல்மாடிப் பெடியனோடு நடந்த ஒரு வாக்குவாதத்தையும் தீர்த்துவைத்தேன். அவனிடம் இருப்பது பிளேஸ்ரேஷன் 5. அதன் கொன்ட்ரோலருக்குள்ளேயே பற்றரியை வைத்து மூடி விற்கிறார்கள், அதில் 1560 என்று போட்டிருக்கும். "எங்கட 2000, உங்கட 1560" என்று சின்னவன் அளந்துகொண்டிருந்தான். அந்த 1560 இருப்பது 3.65 வோல்ற்றில், பெருக்கினால் ஏறத்தாழ 5700 மில்லி வொட் மணி. நம்முடைய இரண்டு பற்றரியும் சேர்ந்து 4800. இரண்டைத் தொடராகப் போட்டால் வோல்ற் கூடுமே தவிர 2000 என்பது 4000 ஆகாது. மேல்மாடிக்காரன் வென்றான். ஆனால் அவனுடையது களைத்துப்போகும் நாளில் ஆணி கழற்றி உள்ளே போக வேண்டும். எங்களுக்கு மூடியைத் தள்ளினால் போதும்.

லித்தியத்தை ஏன் நான் தொடர்ந்து வாங்கவில்லை? கடைசி வரை 1.5 வோல்ற்றையே தருவதால், திரையில் பற்றரி நிறைந்திருப்பதாகவே காட்டும். பிறகு முன்னறிவிப்பில்லாமல் சட்டென்று நிற்கும். பெரியவன் பெனால்டி அடிக்கப் போன நேரம் கொன்ட்ரோலர் செத்தது. அன்று வீட்டில் எழுந்த சத்தத்துக்கு நானே எழும்பி வந்துவிட்டேன். நிக்கல் வகை கொஞ்சம் முன்னதாகவே தள்ளாடிக் காட்டும்.

"1.2 வோல்ற் காணாது அன்ட்டி, வேலை செய்யாது" என்று கடைகளில் சொல்கிறார்கள். அல்கலைன் 1.5-இல் தொடங்கினாலும், வேலை செய்யச் செய்ய இறங்கிப் பாதி வழியிலேயே 1.2-க்கு வந்துவிடும். நிக்கல் வகையோ பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நிற்கும். எங்கள் எக்ஸ்பொக்ஸ் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் பயத்தோடு சொல்கிறேன். புறக்கோட்டையில் இன்னொரு கடையில், டோர்ச்சுக்குப் போடும் லித்தியம் பற்றரி ஒன்றைக் காட்டி, "அளவு சரி, இதையும் போடலாம்" என்றார்கள். அதில் 14500 என்று இருந்தது. அது அளவைக் குறிக்கும் எண், கொள்ளளவு அல்ல. பென்டோர்ச் பற்றரியின் அதே உருவம்தான், ஆனால் நேராக 3.7 வோல்ற். இரண்டைப் போட்டால் 3 வோல்ற் கேட்கும் கொன்ட்ரோலருக்குள் 7.4 போகும். கருகிய மணம் வந்த பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது? எண் கூடியதை வாங்கு என்ற உங்கள் குறிப்பைப் படித்த பிள்ளை ஒன்று 14500-ஐத் தெரிவு செய்யாது என்று எப்படிச் சொல்வீர்கள்?

நான் வாங்கிய யப்பான் பற்றரி எனெலூப். 2005-இல் சான்யோ கொண்டுவந்தது, இப்போது பானசொனிக் பெயரில் வருகிறது. அதற்கு முன் இருந்த நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரிகள், சும்மா வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் கால்வாசி அளவு வடிந்துபோகும், நம் வெக்கைக்கு இன்னும் வேகமாக. இது அப்படி வடியாத வகை. பத்து வருடம் கழித்தும் 70 வீதம் இருக்கும் என்பது நிறுவனத்தின் சொல், அதுவும் 20 பாகை செல்சியஸில் வைத்திருந்தால். வெள்ளவத்தையில் 20 பாகை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால்தான் கிடைக்கும், ஆகவே அந்தப் பத்து வருடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கறுப்பு நிறத்தில் 2500 அளவில் இன்னொன்றும் உண்டு. என் பெட்டியில் 2100 தடவை சார்ஜ் செய்யலாம் என்றும் கறுப்பில் 500 தடவை என்றும் போட்டிருந்தது. தினமும் விளையாடும் வீட்டுக்கு எண் குறைந்ததே போதும் என்று வெள்ளையை எடுத்தேன். எட்டுப் பற்றரியும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து நிறைந்ததும் தானாக நிறுத்தும் சார்ஜரும் சேர்ந்து, ஏறத்தாழ எட்டு மாத அல்கலைன் செலவு. பதினோராவது மாதம் நடக்கிறது.

சோடிகளைக் கலக்க விடுவதில்லை. ஒவ்வொரு சோடியிலும் அழியாத பேனையால் எழுத்தும் வாங்கிய திகதியும் போட்டிருக்கிறேன், தபால் முத்திரை மாதிரி. களைத்த ஒன்றையும் புதிய ஒன்றையும் சேர்த்துப் போட்டால், களைத்தது வெறுமையான பிறகும் மற்றது அதன் ஊடாக மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக்கிக் கெடுத்துவிடும். கொன்ட்ரோலருக்கு வயரைக் குத்தினால் உள்ளே இருக்கும் பற்றரி சார்ஜ் ஆகும் என்று சின்னவன் வெகுநாள் நம்பியிருந்தான். எக்ஸ்பொக்ஸில் சாதாரண பென்டோர்ச் பற்றரிக்கு அது நடக்காது. வயரில் இருக்கும்வரை வயரில் ஓடும், அவ்வளவுதான்.

கேமுக்கு இவ்வளவு கணக்கா என்று வாசகர் யாரும் கேட்கலாம். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனதே, நினைவிருக்கும். அன்று தொலைக்காட்சி இல்லாததால் கொன்ட்ரோலருக்கு வேலையில்லை. அதிலிருந்து கழற்றி வானொலிக்கு இரண்டு, டோர்ச்சுக்கு இரண்டு. திங்கட்கிழமை ஒன்றரை மணி நேர வெட்டுக்கும் அவையே. மகன் கனடாவிலிருந்து இன்னும் கொஞ்சம் லித்தியம் பற்றரி அனுப்பட்டுமா என்று கேட்டான். தனி லித்தியம் பற்றரியை வெளிநாட்டுத் தபாலில் ஏற்கமாட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் பேரன் என்னைத் திருத்த முடியாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் மூன்று வரி போடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று வாசிக்க வேண்டும். பென்டோர்ச் அளவு நிக்கல் பற்றரியில் 2800-க்கு மேல் எழுதியிருந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 3.7 வோல்ற் என்று இருந்தால் கொன்ட்ரோலருக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.

பி.கு.: அந்த 4800 நாலும் இன்னும் மேசையில் இருக்கின்றன. இந்தக் கடிதம் காற்றுக்குப் பறக்காமல் மேலே வைக்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் பாரம் காணவில்லை.