பலாலி வழியாகப் போன முதல் விமானம்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மயிலிட்டி வீட்டுக்குக் கூரை போட்டு முடித்துவிட்டாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. 1990 இல் விட்டுவிட்டு ஓடிய வளவு. இனி அங்கே அடுப்பு எரியும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். போன மாதம் அம்மாவின் றங்குப்பெட்டியைக் கிளறியபோது அந்தக் காலத்து நம் நாட்டு விமான சேவையான எயார் சிலோனில் அப்பா போன பழைய ரிக்கற் ஒன்று அகப்பட்டது. மெல்லிய தாள், காபன் எழுத்து பாதி கரைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சி, 1969. மாமியின் கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் போன பயணம். அப்பா திரும்பி வந்த அன்று நீயும் நானும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, நினைவிருக்கிறதா? விமானம் நின்ற பிறகும் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கூறைப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினார். வேறு எந்தச் சாமானும் என் கண்ணில் படவில்லை.

அந்த ரிக்கற்றைப் பார்த்த பிறகு எயார் சிலோனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அதன் முதல் பறப்பு எங்கே போனது தெரியுமா? 1947 டிசம்பர் 10, சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. கப்டன் பீற்றர் பெர்னாண்டோ கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து ஒரு டகோட்டா விமானத்தைக் கிளப்பி, காங்கேசன்துறை விமானத் தளத்தில் இறக்கி, அங்கிருந்து சென்னைக்குப் போயிருக்கிறார். காங்கேசன்துறை என்று எழுதியிருந்தாலும் அது நம்முடைய பலாலிதான். நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே நாட்டின் விமானம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது! விஹாரமகாதேவி, சீதாதேவி, சுனேத்ராதேவி என்று எயார் சிலோனின் மூன்று டகோட்டாக்களுக்கும் தேவிகளின் பெயர்.

அப்புறம் நடந்ததெல்லாம் பங்காளி மாற்றிய கதை. 1949 இல் 49 வீதப் பங்கோடு ஓர் அவுஸ்திரேலியக் கம்பனி வந்து லண்டனுக்கும் சிட்னிக்கும் வழி திறந்தது. பிறகு டச்சுக்காரரின் கே.எல்.எம்., அதன் பிறகு பிரிட்டிஷ் பி.ஓ.ஏ.சி., கடைசியில் பிரான்சின் யு.டி.ஏ. தூரப் பறப்புக்கு எப்போதும் இன்னொருவரின் கை வேண்டியிருந்தது. ஆனால் பலாலிக்கு வந்த டகோட்டா, அவ்ரோ விமானங்கள் அதன் சொந்தக் காலில் நின்றவை. என்னைக் கேட்டால் எயார் சிலோன் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். திருச்சி நமக்குக் கொழும்பைவிடக் கிட்ட.

1978 செப்ரெம்பர் 7 உனக்கு மறந்திருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து போன அவ்ரோ, ஆட்கள் இறங்கிய பிறகு இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். யாரும் சாகவில்லை என்று கேட்டபோது வந்த நிம்மதியும், இனி என்ன நடக்குமோ என்ற பயமும் இப்போதும் எனக்குள் இருக்கின்றன. அதோடு எயார் சிலோனின் காலமும் முடிந்தது. 1979 செப்ரெம்பரில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது, சிங்கப்பூர் எயார்லைன்ஸின் உதவியோடு. 1986 மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்ற அதன் ட்ரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 1998 இல் துபாயின் எமிரேட்ஸ் பங்காளியாக வந்து நிர்வாகத்தை ஏற்றது. பெயர் ஸ்ரீலங்கன் என்று மாறியது. 2001 ஜூலை 24 இல் புலிகள் கட்டுநாயக்கவைத் தாக்கியபோது ஸ்ரீலங்கனின் விமானங்களில் பாதி எரிந்தோ சேதமாகியோ போனது. 2007 கடைசியில், ஜனாதிபதியின் குழுவுக்காக லண்டனில் காசு கட்டிய பயணிகளை இறக்க மறுத்ததால் எமிரேட்ஸ் அனுப்பிய தலைமை அதிகாரியின் விசாவையே அரசு இரத்துச் செய்தது. அடுத்த வருடம் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. காசு கட்டி ஏறியவனை இறக்கமாட்டேன் என்று நின்றது சரிதான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு நட்டம், நட்டத்தின் மேல் நட்டம்.

பலாலி மட்டும் யுத்தத்தில் ராணுவத்தின் கையில் கிடந்தது. 2019 இல் சென்னையிலிருந்து இந்தியாவின் அலையன்ஸ் எயார் வந்து இறங்கிய படத்தைப் பார்த்து நான் அழுதேன் மச்சான். கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கினார்கள். இப்போது திருச்சியிலிருந்தும் இண்டிகோ வருகிறது. முதல் பறப்பில் நம் ஊரில் இறங்கிய எங்கள் நாட்டு விமானம் இந்த வழியில் இல்லை என்பது மட்டும் எனக்கு வலிக்கிறது.

தை மாதம் வருகிறேன். கட்டுநாயக்க வழியாக இல்லை. சென்னையில் இறங்கி, ரயிலில் திருச்சி போய், அங்கிருந்து பலாலி. அப்பாவின் ரிக்கற்றும் கையில் இருக்கும். நீ வெளியே நில்.

இன்னொன்று. 1947 இல் அந்த டகோட்டா இறங்கியதைச் சிறுவயதில் பார்த்தவர் யாராவது மயிலிட்டிப் பக்கமோ வசாவிளான் பக்கமோ உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து வை. எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீயே போய்க் கேட்டு எழுதி வைத்துவிடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்,
ரவி