பக்கத்துக் கொல்லையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடி வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 3 ஏக்கர் 40 சென்ட் கொல்லை. 2005-இல் அதில் 3 ஏக்கரை கிரானைட் குவாரிக்கு 20 வருடக் குத்தகைக்கு விட என் மாமனார் சம்மதித்துக் கைநாட்டு வைத்தார். ஏக்கருக்கு வருடம் 6,000 ரூபாய். அன்றைக்கு அது மோசமில்லை. மானாவாரி மல்லாட்டையில் (நிலக்கடலை) நல்ல மழை பெய்த வருடம்கூட அவ்வளவு மிஞ்சாது என்று அவரே சொல்வார். மீதி 40 சென்ட்டை எங்கள் சாப்பாட்டுக்கென்று வைத்துக்கொண்டோம்.

அந்த 20 வருடம் முடிந்து இப்போது குத்தகையைப் புதுப்பிக்கிறார்கள். போன மாதம் குவாரிக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். சர்வே எண், பட்டா எண், நான்கு பக்க எல்லை எல்லாம் டைப் அடித்திருந்தது. தொகை மட்டும் பேனாவில் எழுதியிருந்தது: 7,000.

“ஆயிரம் ஏத்தியிருக்கோம்கா.”

“20 வருஷத்துக்கு ஆயிரமா தம்பி?”

“இப்ப அங்க என்னக்கா விளையுது? வெறும் குழி. குழிக்கு இதுவே ஜாஸ்தி.”

அந்தக் குழியை நாங்களா தோண்டினோம்? பேச வாய் வரவில்லை எனக்கு. என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விடுவதால் இந்த மாதிரிப் பேச்செல்லாம் என் தலையில்தான்.

சரி, அரசாங்கத்திடமே கேட்போம் என்று ஒரு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். மனுவை வாங்கியவர், எந்த நிலத்தில் என்ன சாகுபடி என்று பதியும் அடங்கலைப் புரட்டிப் பார்த்தார். “இதில் சாகுபடியே காட்டவில்லையேம்மா, எதை வைத்து இழப்பீடு கேட்கிறீர்கள்?” என்றார். கணக்குப்பிள்ளை சொன்னதையே இவர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

என் தங்கை மகன் வக்கீலுக்குப் படிக்கிறான். அவன்தான் சட்டத்தை எடுத்துக் காட்டினான். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 24-ஏ என்று ஒரு பிரிவு. நிலத்தின் மேற்பரப்பை வைத்திருப்பவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குக் குத்தகைதாரர் இழப்பீடு கொடுக்க வேண்டும், தொகையை மாநில அரசு தீர்மானிக்கும் என்கிறது. எப்படித் தீர்மானிப்பது என்பதற்கும் ஒரு வழி இருந்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 72-வது விதி, விவசாய நிலமென்றால் அதே மாதிரியான நிலத்தில் முந்தைய மூன்று வருடச் சாகுபடியில் செலவு போக நின்ற சராசரி வருமானத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. அதே மாதிரியான நிலம் என்றுதான் இருக்கிறது, தோண்டிப் போட்ட நிலம் என்றில்லை. எழுதியவர் விவரமானவர். குழியைக் காட்டி யாராவது விலை பேசுவார்கள் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஆனால் அது இரும்புத்தாது போன்ற பெருங்கனிமங்களுக்கான விதி. 2016-இல் அதற்குப் பதில் வேறு விதிகளும் வந்துவிட்டன. கிரானைட் மணல், கட்டடக் கல் மாதிரி சிறுகனிமம் என்பதால் எங்கள் குவாரி மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் வருகிறது. சட்டத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. மல்லாட்டைக் கணக்குத் தெரியும். எங்கள் வரப்பை ஒட்டிய கொல்லையும் அதே செம்மண்தான். அவர்கள் போர் போட்டு இரண்டு போகம் எடுக்கிறார்கள். போன வருடம் ஏக்கருக்குச் செலவு போக 30,000 ரூபாய் நின்றதாக அந்த வீட்டு அண்ணி சொன்னார். குவாரி வராமல் இருந்தால் நாங்களும் போர் போட்டிருப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. கிரானைட்டில் நல்ல பிளாக் மட்டும்தான் லாரி ஏறும். விரிசல் விட்டது, நிறம் மாறியது எல்லாம் அங்கேயே மலையாகக் குவியும். எங்கள் 3 ஏக்கரில் குழியைவிட அந்த மேடுதான் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. ஒரு மழையில் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து, நாங்கள் வைத்துக்கொண்ட 40 சென்ட்டில் பாதியை மூடிவிட்டது. அந்த இடம் குத்தகையிலேயே இல்லை. அதற்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. “மழைக்கு நாங்க என்னக்கா பண்றது” என்றார் அதே கணக்குப்பிள்ளை.

5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரியானாலும், புதிய குத்தகை, புதுப்பித்தல் இரண்டுக்குமே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. புதுப்பிக்கும்போது காற்றையும் தண்ணீரையும் புதிதாகப் பார்க்கச் சொல்கிறவர்கள், நிலக்காரனுக்கு மட்டும் 2005-ஆம் வருடக் கணக்கில் ஆயிரத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று விடலாமா?

மாமனார் காலமான பிறகு பட்டா என் வீட்டுக்காரர் பெயரிலும் நாத்தனார் பெயரிலும் இருக்கிறது. இருவருமே இன்னும் கையெழுத்துப் போடவில்லை. குவாரியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குழியான நிலத்தில் இனி ஏர் ஓட்ட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். மாவட்ட ஆட்சியர் புதுப்பித்தல் கோப்பில் கையெழுத்திடும் முன், எங்கள் சர்வே எண்ணுக்குப் பக்கத்துக் கொல்லைகளின் மூன்று வருட அடங்கலை வரவழைத்து, அதை வைத்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும். மேடு சரிந்து மூடிய 20 சென்ட்டையும் சர்வேயரை விட்டு அளந்து அதில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்),
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.