ஆபரேஷனுக்கு வரும் பிள்ளையின் காதுக்கு

தக்கலை

மக்களே,

பிள்ளைக்குக் குடலிறக்க ஆபரேஷனை லீவுக்கு வரும்போது நாகர்கோவிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது நல்லதாகப் போச்சு. மயக்கம் கொடுக்கும்போது நல்ல பாட்டாகப் போட்டால் பயம் குறையுமா என்று கேட்டிருந்தாய். குறையும். ஆனால் அதற்கு வேலை இருப்பது இரண்டு இடத்தில்தான்: கண் செருகுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், விழிக்கத் தொடங்கும்போது கொஞ்ச நேரம். நடுவில் அவன் ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பான். அப்போது இசை போட்டால் தையல் சீக்கிரம் ஆறும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இரு.

எதைப் போடுவது? அப்பா நீலாம்பரி வீணை என்கிறார். தூங்க வைக்கிற ராகம் என்று பேர் வாங்கியதுதான், ஆனால் நாலு வயசுக்காரனுக்கு அது யாரோ வாசிக்கிற எதுவோ. உன் குரல்தான் வேண்டும். ராத்திரி அவனைத் தட்டித் தூங்க வைக்கும்போது என்ன பாடுவாயோ, என்ன கதை சொல்லுவாயோ, அதையே போனில் பிடி. ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனை வை. பையப் பேசு. இருபது நிமிஷம் போதும். நடுவில் சிரிப்பு, கைதட்டல், குரல் உயர்த்தல் ஒன்றும் வேண்டாம். அவன் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்காதே, பதில் சொல்ல எழும்பப் பார்ப்பான். பின்னணி வேண்டுமானால் ஓட்டின்மேல் விழுகிற சீரான மழைச் சத்தம் சேர்க்கலாம். முட்டத்தில் பிடித்த அலைச் சத்தம் சரிவராது. அலை உடையும்போது திடீரென்று ஏறும், அந்த ஏற்றம்தான் பிள்ளையைத் துள்ள வைக்கும்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்தே தினமும் படுக்கையில் அதைப் போட்டுப் பழக்கு. அன்றைக்குப் புதிதாகக் காதில் மாட்டினால் பிடுங்கி எறிவான். மருந்து புகட்டும்போதும் ஏசும்போதும் மட்டும் அதைப் போட்டுவிடாதே. அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அழுவான்.

காதுக்குள் செருகுவது வேண்டாம், பிள்ளைக் காதில் நிற்காது. மேலே மூடுகிற சின்ன ஹெட்செட் வாங்கு, குமிழ் பெரிதாக இருக்கக் கூடாது. மூச்சுக்குழாய் அடைபடாமல் இருக்க மயக்க டாக்டர் விரலைக் காதுக்குக் கீழே தாடை வளைவில் கொடுத்துத் தூக்கிப் பிடிப்பார், குமிழ் அந்த விரலுக்கு இடைஞ்சலாகும். சத்தம் எவ்வளவு என்பதற்கு, நீயே மாட்டிப் பார்: ஒரு கை நீளத்தில் நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசினால் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அதிகம். போனிலிருந்து வெளியே ஸ்பீக்கரில் போடலாமா என்று தியேட்டரில் கேட்காதே. அங்கே டிக் டிக் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே மயக்க டாக்டர் பிள்ளையைக் கவனிப்பது அதை வைத்துத்தான்.

யூடியூபில் ஓட விடாதே, நடுவில் விளம்பரம் அலறும். ஃபைலாகப் போனில் வைத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி செய். ஃப்ளைட் மோடு போட்டால் சில போனில் ப்ளூடூத்தும் சேர்ந்து அணைந்துவிடும், அணைந்தால் அதை மட்டும் திரும்பப் போடு. அலாரம் எதுவும் இருந்தால் எடுத்துவிடு. முந்தின ராத்திரியே முழு சார்ஜ் ஏற்று; சார்ஜர் வயரோடு தியேட்டருக்குள் போகவே கூடாது.

காத்திருக்கிற நேரத்துக்கு கார்ட்டூன் நல்லதுதான், பயத்தை மறக்கடிக்கும். வாசலில் வைத்துப் பிடுங்கினால்தான் வினை. ஒரு கதை முடிகிற இடத்தில் நிறுத்தி, உன் குரலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் உள்ளே அனுப்பு. உன்னையும் உள்ளே விட்டால் ஹெட்செட்டே வேண்டாம், காதோரம் நீயே பேசு. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ‘பயப்படாதே பயப்படாதே’ என்று சொல்லக் கூடாது, ஒரு குரல்தான் கேட்க வேண்டும்.

மாஸ்க்கில் செவோஃப்ளூரேன் வாயு கொடுத்தால், கண் மூடின பிறகும் சில நொடி கை கால் உதறலாம், கண் உருளலாம். விழித்துவிட்டான் என்று நினைத்துக் கூப்பிடாதே, தொட்டுக் குலுக்காதே. அரை மயக்கத்தில் தூண்டினால் தொண்டை இறுகிக்கொள்ள வாய்ப்புண்டு. காது கடைசியில்தான் அடங்கும் என்பதால் அப்போது அறையே அமைதியாக இருக்க வேண்டும். அடங்கினதும் ஹெட்செட்டைக் கழற்றிவிடட்டும். டாக்டர் முன்கூட்டி பதற்றம் தணிக்கிற மிடசோலம் சிரப் எழுதினால், பாட்டு இருக்கிறதே என்று வேண்டாமென்று சொல்லாதே. ஒன்றுக்கொன்று துணை, மாற்று இல்லை.

பசியில் அழுகிற பிள்ளையைத் தாலாட்டு நிறுத்தாது. வழக்கமான கணக்கு இது: சாப்பாடும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை கொடுக்கலாம். ஆனால் அவர்கள் எழுதித் தருகிற நேரம்தான் முடிவு. ஒரு மட்டிப்பழம்தானே என்று அப்பா நீட்டினால் வாங்கி வைத்துவிடு. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

விழிக்கும்போது அவன் ஒருக்களித்துக் கிடப்பான், வாந்தியும் வரலாம். அதனால் அங்கே ஹெட்செட் கூடாது. தலையணைப் பக்கம் போனை வைத்துத் தணிவாகப் போடு. பக்கத்து நர்ஸுக்கு அவன் மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும். சில பிள்ளைகள் கண் திறந்திருந்தும் உன்னை அடையாளம் தெரியாமல் உதைக்கும், கத்தும். இந்த வயசில், இந்த வாயுவுக்கு, அது உண்டு. பெரும்பாலும் கால் மணி நேரம், இருபது நிமிஷத்தில் தானாக அடங்கும். வெப்ராளப்பட்டு பேர் சொல்லி அலறாதே. கையில் ஊசிக் குழாய் பிடுங்காமல் பார்த்துக்கொள், விளக்கைத் தணிக்கச் சொல், நீ பேசத் தொடங்கினதும் பதிவை நிறுத்து. இரண்டு அம்மா குரல் ஒரே நேரத்தில் கேட்டால் பிள்ளை குழம்பும். அப்புறமும் காலை மடக்கி அழுதால் அது வலி, மருந்து கேள். உதடு நீலமாகத் தெரிந்தாலோ குறட்டை மாதிரி மூச்சு திணறினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடு.

இதெல்லாம் மயக்க டாக்டர் ஒத்துக்கொண்டால்தான். ஆபரேஷனுக்கு முன் உடம்பு பார்க்கிற அன்றைக்கே ஹெட்செட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுவிடு, அன்றைய காலையில் தியேட்டர் வாசலில் வைத்துக் கேட்காதே. ரயில் ஏறும் முன் பதிவை எனக்கு ஒரு தடவை அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா