வெயிட் மெஷின் பற்றி பாப்பாவுக்கு

மண்டபம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான், அப்பா, தம்பி மூவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன, ஊரில் மறுபடியும் மீன் வாடை. கச்சான் காற்று மணலை வாரி அடுப்படி வரைக்கும் கொட்டுகிறது. பெரியத்தை பேத்திக்கு ஆவணியில் காது குத்து, உனக்கும் சொல்லச் சொன்னார்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். நீ "ம்", "சரிம்மா", "வேலையா இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

வெயிட் மெஷின் வாங்கியதிலிருந்து காலையில் எழுந்ததும் நம் வீட்டுக் குரூப்பில் எண் போடுவாய். சித்தி உடனே கைதட்டுவாள். நானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன். கொஞ்ச நாளாக எண் வரவில்லை. கடைசியாகப் போட்டது 60.8. அதற்கு முதல் நாள் சரியாக 60. ஏறிவிட்டது என்றுதான் போடுவதை நிறுத்தினாயா?

பெண் பார்க்க வந்த சாயல்குடிக்காரர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது முடிந்த பேச்சு.

எடை போடுவது உன் அம்மாவின் வேலை, பாப்பா. இந்த அங்கன்வாடியில் நான் எடை போட்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தொங்கு தராசில் துணியை மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, கொலுசையும் அரைஞாணையும் கழற்றிவிட்டுத்தான் பிள்ளையை உட்கார வைப்பேன். அது காலை உதைத்து அலறும், முள் இங்குமங்கும் ஆடும். ஆடும்போது பார்த்து எழுதக் கூடாது, அடங்கும் வரைக்கும் பொறுக்க வேண்டும். பிறகு அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பேன். இப்போது போனில் போஷன் டிராக்கர் என்கிற ஆப்பிலும் ஏற்ற வேண்டும். பச்சைக்குள் இருக்கிறதா, மஞ்சளுக்கு இறங்கிவிட்டதா, ஆரஞ்சில் கிடக்கிறதா, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கணக்கு. ஒரு தடவை போட்ட எடையை வைத்து எந்தத் தாயையும் நான் ஒரு சொல் சொன்னதில்லை.

நீயோ ராத்திரி போட்டதையும் காலையில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாய். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அந்தத் தண்ணீரும் எடைதான், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. 60.8 வருவதற்கு முந்தின நாள் ராத்திரி நெத்திலிக் கருவாடு வறுத்தேன் என்று நீயே சொன்னாய். கருவாட்டு உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஓரிரு நாளில் அதுவாக இறங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி என்று அப்பாவைப் பார்க்கிற டாக்டர் சொன்னார். அப்படியானால் 800 கிராம் கொழுப்பு ஏற, வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே ஆறாயிரம் கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நீ தின்ற நாலு நெத்திலியில் அது எங்கிருந்து வரும்? நாள் வருவதற்கு முந்தின வாரமும் பெண்களுக்கு உடம்பு நீர் கோத்து எடை கூடத்தான் செய்யும்.

முதலில் மளமளவென்று இறங்கியபோது துள்ளினாயே, அதிலும் பெரும்பாலும் நீர்தான். சோற்றைக் குறைத்ததும் உடம்பு சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து கரையும், ஒரு கிராம் கரைந்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீரும் போகும். அன்றைக்கே சொல்லியிருப்பேன், உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

வாரத்தில் ஒருநாள் போடு. காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில், எப்போதும் போடுகிற அதே மாதிரி உடுப்போடு. மெஷினைக் குளியலறை வாசலில் மிதியடி மேல் வைத்திருந்தாய், வீடியோ காலில் பார்த்தேன். மெத்தென்ற இடத்தில் வைத்தால் தப்புத்தப்பாகக் காட்டும். சமமான வெறும் தரையில் வை. கண்ணாடி மெஷின், ஈரக்காலோடு ஏறாதே, வழுக்கிவிடும்.

எடை குறைக்காதே என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, அப்பத்தாவுக்கும் இருந்தது, உனக்கும் வரலாம். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை இங்கே வருகிற தாய்மார்களுக்கு நானே சொல்கிறவள். நீ சாயங்காலம் நடக்கிறாய், கடை போண்டாவை விட்டாய், அதில் எனக்குப் பெருமைதான். நம் வகையறாவில் தனியாகப் பரீட்சை எழுதி, கோயம்புத்தூரில் பேங்க் வேலைக்குப் போன முதல் பெண் நீ. நினைத்ததை முடிக்கிறவள் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் பங்குனியில் 74 இருந்தாய். மூன்று மாதம் முடியவில்லை, பதின்மூன்று கிலோ போயிருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப் போனால் ஒரு கிலோதான் குறையலாம். அதற்கு மேல் போனால் கொழுப்போடு சதையும் கரையும். சித்திரையில் வந்தபோது உனக்காக நகரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டு கரண்டி சோற்றைத் தட்டில் பரப்பிப் பரப்பி வைத்துவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தம்பி தட்டில் தள்ளினாய். பார்த்தேன். அம்மா சமையலை ஒதுக்குகிற அளவுக்குப் பெரியவளாகிவிட்டாயா என்று கோபம்கூட வந்தது. சாப்பிடு பாப்பா. சோற்றைக் குறை, மீனைக் குறைக்காதே. முட்டை, பருப்பு, கீரை எதையும் விடாதே.

ஐம்பதுக்கு வரணும் என்று சித்தியிடம் சொன்னாயாம். அந்த ஐம்பது யார் போட்ட கணக்கு? உன் உயரம் 158. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பிஎம்ஐ, நம் நாட்டுக்காரர்களுக்கு 23-க்குள் இருக்கணும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் உனக்கு 57 கிலோ வரைக்கும் சரிதான். இன்னும் நாலு கிலோகூட இல்லை. அதை மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம், யாரும் துரத்தவில்லை. கூடத்தில் உட்கார்ந்து நம் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே பெண் பூசினாப்ல இருக்கு என்று சொன்ன வாய்க்காக நீ பட்டினி கிடக்க வேண்டாம். எழுத மாட்டேன் என்றேன், எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

உன் அறையில் இருக்கிற பிள்ளை போனில் பேசினாள், அவளைக் கோபிக்காதே. ஆபீஸ் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாயாம். போன வாரம் வீடியோ காலில் உன் வகிடும் அகலமாகத் தெரிந்தது, வெளிச்சம் என்றாய். நான் கேட்க வந்ததை இப்போதாவது கேட்டுவிடுகிறேன். மாதாமாதம் தலைக்குக் குளிக்கிறாயா? நாள் தள்ளிப் போகிறதா? கடைசியாக எப்போது? உடம்புக்குப் போதாமல் சாப்பிட்டால் அது நின்று போகும். நின்றிருந்தால் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இந்த வாரமே ஒரு லேடி டாக்டரைப் பார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல். அந்தச் சீட்டைக் குரூப்பில் போடாதே, எனக்கு மட்டும் அனுப்பு. நான் வரணும் என்றால் ஒரு சொல் போதும், லீவு போட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

தம்பி நாளைக்குக் கோவை பஸ்ஸில் பார்சல் போடுகிறான். முண்டு மிளகாய்த் தூள், வறுத்து அரைத்த சத்துமாவு, கொஞ்சம் கருப்பட்டி, பாறைக் கருவாடு இருக்கிறது. கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசிவிட்டுச் சமை. மாவைக் காலையில் கஞ்சியாகக் குடி, வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகாதே.

அப்பா ஒன்பதரைக்கெல்லாம் தூங்கிவிடுவார். அதற்குப் பிறகு கூப்பிடு, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா