முத்துவின் தோலைப் பற்றி

அன்புள்ள மீனா,

உன் கடிதமும் முத்துவின் படங்களும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல். நான் நலம், முட்டிவலியும் குறைந்திருக்கிறது. சரி, உன் தொட்டியில் வளரும் முத்துவுக்கு வருவோம்.

முகத்தில் திடீரென்று வந்திருக்கும் கரும்புள்ளிகளுக்கு நீ பயப்பட வேண்டாம். முத்து லூசிஸ்டிக் வகை ஆக்சலாட்டல், அதாவது செவுளோடு தண்ணீரிலேயே வாழும், பல்லி வடிவ நீர்நில வாழ்வி. வெள்ளை உடல், கருப்புக் கண். இந்த வகையில் கருநிறம் தரும் செல்கள் கரு வளரும்போது உடல் முழுக்கப் பரவாமல் தலை, முதுகுப் பக்கமே தங்கிவிடும். வயது ஏற ஏற அங்கே புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். நான் வளர்க்கும் ஆக்சலாட்டல் அல்லிக்கும் அப்படித்தான், நெற்றியில் பொட்டுப் பொட்டாக வந்தன, இப்போது அழகாகவே இருக்கிறது. புள்ளி தோலோடு தோலாகத் தட்டையாக இருந்து, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டால் கவலையில்லை. மேடாக எழும்பினாலோ, ஓரம் புண்ணானாலோ, வேகமாகப் பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டிவிடு.

செவுள் ஒரு நேரம் சிவப்பாகவும் ஒரு நேரம் வெளுத்தும் இருப்பதாகக் கேட்டிருந்தாய். ஓடியாடும்போது ரத்தம் பாய்ந்து சிவக்கும், சும்மா கிடக்கும்போது வெளுக்கும். நாள்கணக்கில் வெளுத்தே இருந்து சாப்பாட்டையும் ஒதுக்கினால்தான் யோசிக்க வேண்டும்.

எனக்குக் கவலை தந்தது வேறு. "ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். கடைசிப் படத்தில் செவுள் இழைகள் குட்டையாகத் தெரிகின்றன, வாலோரம் மெல்லிய வெள்ளைச் சவ்வு உரிந்து தொங்குகிறது, பாதங்கள் சிவந்திருக்கின்றன. எனக்கென்னவோ இது அமோனியா வேலையாகத்தான் படுகிறது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசு, போதும்.

இந்தப் பிராணி தோலாலும் சுவாசிக்கிறது. மீனுக்கு இருக்கிற மாதிரி செதில் கவசம் இதற்கு இல்லை. தண்ணீரில் எது கலந்தாலும் நேரே உடம்பில் போய்விடும். அதனால்தான் தோலில் எது தெரிந்தாலும் மருந்துப் புட்டியைத் தேடும் முன் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறேன். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு). வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24 டிகிரியைத் தாண்டவே விடாதே. தண்ணீர் சூடாக ஆக அதே அளவு அமோனியா இன்னும் கடுமையாகச் சுடும். இதன் பூர்வீகமான மெக்சிகோவின் சோச்சிமில்கோ, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற நீர்நிலை. குளிர்ந்த தண்ணீருக்கென்றே பிறந்த உயிர் இது.

இன்றே முத்துவைத் தனியாக ஒரு டப்பில் மாற்று. குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர், தினமும் முழுக்க மாற்ற வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு. தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே நிற்கும் வரை அங்கேயே இருக்கட்டும். பாக்டீரியா திரும்பப் பெருக வாரக்கணக்கில் ஆகலாம், அவசரப்படாதே.

இப்படி நொந்த செவுளில் பூஞ்சை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். தினமும் ஒருமுறை பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பார். உப்புக் குளியல் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீயாகப் போடாதே. ஏற்கெனவே வெந்த தோலில் உப்பும் எரிச்சல்தான். மீன்களுக்கென்று விற்கிற மருந்துகளையும் தொடாதே, தாமிரம் கலந்தவை இதற்கு விஷம்.

நல்ல விஷயம், தண்ணீர் சரியானால் செவுள் இழைகள் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் பாதச் சிவப்பு வயிற்றுக்கும் தொடைக்கும் பரவினாலோ, உடம்பு உப்பினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதே. ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருக்கலாம். நீர்நில வாழ்விகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரின் எண்ணை இப்போதே விசாரித்து வை. போகும்போது தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு சுத்தமான பாட்டிலில் கொண்டுபோ.

சோதனை எண்கள் வந்ததும் எனக்கு எழுது, பாதத்தை அருகில் எடுத்த படம் ஒன்றும் வேண்டும்.

அன்புடன்,
வசந்தி