கையேடு நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைநீக்கம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த நடவடிக்கை எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சங்கப் பணியில் இருந்தபோது பல உள்விசாரணைகளில் ஊழியர் தரப்பில் உட்கார்ந்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையில் சேரும்போதே நடத்தை விதிகள் அடங்கிய ஊழியர் கையேட்டைக் கொடுத்து, படித்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், விளக்கம் பெற வேண்டும், விசாரிக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடம் தர வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதே கையேட்டில்தான் இருக்கிறது. ஊழியர் மீறினால் தண்டனை, நிர்வாகம் மீறினால் ஒன்றுமில்லை என்பதை ஏற்க முடியாது. காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம் என்பது பொதுவிதியாக இருக்கும் அமெரிக்காவிலேயே, 1985-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தக்க காரணமின்றி நீக்க மாட்டோம் என்று பொருள்படும்படி கையேட்டில் எழுதிய நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். 'இது ஒப்பந்தம் அல்ல' என்று கண்ணில் படும்படி அச்சிட்டிருந்தால்தான் விலக்கு. ஆகவே கையேட்டில் அப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-வது உடன்படிக்கை 1982-ல் உருவானது. நடத்தையையோ செயல்திறனையோ காரணம் காட்டி ஒருவரை நீக்குமுன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அதன் 7-வது பிரிவு. நடுநிலையான அமைப்பிடம் முறையிடும் உரிமையையும் அந்த உடன்படிக்கை தருகிறது. இதை ஏற்காத நாடுகள் பல. ஏற்ற நாடுகளும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு அளிக்கலாம்.

"தப்பு செய்தது உறுதியாகத் தெரிகிறதே, விசாரணை எதற்கு?" என்று மேலாளர்கள் கேட்பார்கள். பணம் குறைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருடைய கடவுச்சொல்லை அந்தப் பிரிவில் எல்லோருமே பயன்படுத்தி வந்தது விசாரணையில்தான் வெளிவந்தது. அதுவரை அவர்தான் திருடர் என்று அலுவலகமே நம்பியது. முறைப்படி நடந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்ற வாதத்தை 1987-ல், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை போல்கி வழக்கில் ஏற்கவில்லை. ஆட்குறைப்பு தொடர்பான வழக்கு அது. அந்த வாதம் இழப்பீட்டைக் குறைக்கலாமே தவிர, முறையற்ற நீக்கத்தை நியாயமாக்காது.

இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது, குற்றச்சாட்டை எழுதி விளக்கம் கேட்கும் ஒரு குறிப்பாணைகூடத் தராமல் ராஜினாமா எழுதி வாங்குவது. அறைக்குள் கூப்பிட்டு, செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் கறை இருக்காது" என்பார்கள். பயத்தில் கையெழுத்துப் போட்டதும் அது தானாக விலகியதாகிவிடுகிறது. பிறகு மிரட்டலை நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில். இப்படிக் கேட்டால் அங்கேயே கையெழுத்திடாதீர்கள். யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால், நடந்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். நீக்க ஆணையைக் கொடுத்தால் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதலாம், 'ஏற்கிறேன்' என்று எழுத வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் காலக்கெடு உண்டு. சமரசப் பேச்சு நடக்கிறது என்று காத்திருந்து அதைத் தவறவிட்டவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு நிறுவனம் ஊழியரை நீக்கியதாகச் செய்தி வந்தால், குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டதா, அவருடைய பதில் பெறப்பட்டதா என்று நிர்வாகத்திடம் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சங்க ஊழியர்