தீவுக்குப் போகக் காற்றைப் பார்த்து நாள் குறி

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். பிள்ளைகளை ரொறன்ரோத் தீவுக்கு எந்தக் கிழமை கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டிருந்தாய். நான் ஊரிலிருந்து திரும்பத் தை மாதம் ஆகிவிடும். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்காதே, காற்றைப் பார்த்துக் குறி. இலையுதிர்காலத்தில் இரண்டு முறை போவது நல்லது. முதல் முறை செப்ரெம்பர் நடுப்பகுதியில், வண்ணத்துப்பூச்சிகளுக்காக. அடுத்தது ஒக்ரோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள், சின்னப் பறவைகளுக்கும் ஆந்தைக்குமாக. இரண்டுக்கும் ஒரே விதிதான். ஒரு குளிர் அலை வந்து, மழை விட்டு, வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வீசுகிற இரவுக்கு அடுத்த காலையில் போக வேண்டும். தெற்குக் காற்று அடித்தால் வெயில் எவ்வளவு வடிவாக எறித்தாலும் மரங்கள் வெறுமையாக இருக்கும்.

காரணம் இதுதான். தெற்கே போகிற சிறு பறவைகளில் அனேகமானவை இரவில்தான் பறக்கும். பின்னாலிருந்து தள்ளுகிற காற்றுக் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் கிளம்பும். விடியும்போது ஒன்ராறியோ ஏரி முன்னால் விரிந்து கிடக்கும். அக்கரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். களைத்த பறவை அதைத் தாண்டத் துணியாது, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முதல் மரத்தில் இறங்கித் தின்னத் தொடங்கும். அந்த மரங்கள் இருப்பது தீவில். அதனால்தான் ஸ்காபரோவில் பின்வளவில் ஒரு பறவையைக் காண்கிற அதே காலையில் தீவில் ஒரே பற்றைக்குள் இருபதைக் காணலாம்.

அந்தத் தீவே உங்கள் பக்கத்து மண்தான். ஸ்காபரோ ப்ளவ்ஸ் சரிவிலிருந்து அரித்துப் போன மணலை ஏரி நீரோட்டம் மேற்கே கொண்டுபோய்க் குவித்து நீண்ட மணல்திட்டு ஒன்றை ஆக்கியது. 1858ஆம் ஆண்டுப் புயல் அதன் கிழக்குப் பக்கத்தை உடைத்துக்கொண்டு போன பிறகுதான் அது நிலத்திலிருந்து பிரிந்து தீவானது. 1808இல் கட்டிய கிப்ரால்ற்றர் முனை வெளிச்சவீடு அப்போது தண்ணீருக்குச் சில அடி தூரத்தில் நின்றது. மணல் சேர்ந்து சேர்ந்து இப்போது கரை ஏறத்தாழ 100 மீற்றர் தள்ளிப் போய்விட்டது. பெரியவளுக்கு இதை அங்கேயே வைத்துச் சொல். ப்ளவ்ஸை அவள் பார்த்திருக்கிறாள், பிடித்துக்கொள்வாள்.

போகும் வழி உனக்குத் தெரியும். யூனியன் நிலையத்தில் இறங்கிப் பே வீதியால் தெற்கே நடந்தால் படகுத் துறை. ஆனால் அந்த நடையிலேயே ஒரு வேலை இருக்கிறது. இரவில் பறந்த பறவைகள் கட்டட வெளிச்சத்தில் மயங்கி இறங்கி, விடிந்ததும் கண்ணாடியில் மோதிக் கீழே கிடக்கும். செத்ததை விட்டுவிடு. உயிரோடு திகைத்துப்போய் இருப்பதை மெல்லக் கையால் மூடி எடுத்து ஒரு கடதாசிப் பைக்குள் வைத்து வாயை மடித்துவிடு. பிளாஸ்ரிக் பை வேண்டாம். தண்ணீர் பருக்கவோ தீன் கொடுக்கவோ கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூடித் திறந்து பார்த்துக்கொண்டும் இருக்காதே. இருட்டும் அமைதியும்தான் மருந்து. பிறகு ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரருக்கோ, 1993 முதல் இதே வேலையைச் செய்துவருகிற ஃப்ளாப் அமைப்புக்கோ அழைத்துக் கேள். இரண்டு கடதாசிப் பை கைப்பைக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

படகுக்குப் போகும்போது மட்டும்தான் ரிக்கற். திரும்பி வரக் கட்டத் தேவையில்லை. பயணம் கால் மணித்தியாலம். மூன்று துறைகளில் வோர்ட்ஸ் தீவுத் துறையைத் தெரிவு செய். ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங்கை ஒட்டி அட்டவணை மாறும். குளிர்கால அட்டவணை தொடங்கினால் வோர்ட்ஸ் படகைத்தான் நம்பலாம். சென்ரர் தீவுக்கோ ஹன்லன்ஸ் முனைக்கோ நடந்துபோய் அங்கிருந்து படகு எடுக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள், அங்கே படகில்லாமல் அத்தனை தூரமும் பிள்ளைகளோடு திரும்பி நடப்பார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை ஐந்து கிலோமீற்றருக்கு மேல். புறப்படும் காலையில் அட்டவணையை ஒருக்கால் பார். ஒக்ரோபர் பிற்பகுதியென்றால் படகில் உள்ளே இருக்காமல் கம்பியோரம் நில்லுங்கள். வடதுருவப் பக்கமிருந்து வந்த நீள்வால் வாத்துகளும், கறுப்பும் வெள்ளையுமான சின்ன பஃபிள்ஹெட் வாத்துகளும் துறைமுகத் தண்ணீரிலேயே மூழ்கி எழும்.

வோர்ட்ஸில் இறங்கித் தெற்குக் கரைக்கு வந்தால் பலகைப் பாதை தொடங்கும். ஏரியை இடது கையில் வைத்துக்கொண்டு ஏரிக்குள் நீண்டிருக்கிற சென்ரர் தீவு நடைமேடை வரை (படகுத் துறை அல்ல) போய்த் திரும்புங்கள். போக இரண்டு கிலோமீற்றருக்கு மேல் வரும், சின்னவனுக்கு அதுவே கூட. தள்ளுவண்டில் கொண்டுபோ. திரும்பும்போது உட்பாதையால் வந்து, சின்னப் பாலம் கடந்து ஸ்னேக் தீவுக்குள் ஒரு சுற்று. அங்கே ஆக்கள் குறைவு, பறவை கூட.

செப்ரெம்பரில் மொனாக் வண்ணத்துப்பூச்சிகளை எங்கே தேடுவதென்றால், காலையில் மரத்தில், வெயில் ஏறியபின் பூவில். வெப்பம் 13 பாகைக்குக் கீழே இருந்தால் அவற்றால் சரியாகப் பறக்க முடியாது. காற்று மறைவான பக்கத்துக் கிளைகளில் சிறகை மூடிக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மூடிய சிறகு காய்ந்த இலை நிறத்தில் இருப்பதால் பத்தடி தூரத்தில் நின்றும் பார்க்காமல் போய்விடுவார்கள். வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகச் சிறகை விரிக்கும், அப்போதுதான் மரம் செம்மஞ்சளாக மாறும். கிளையை உலுப்ப விடாதே. குளிரில் கீழே விழுந்த பூச்சி எழும்ப முடியாமல் எறும்புக்கு இரையாகும். பிறகு அவை கோல்டன்றொட் என்கிற மஞ்சள் பூவிலும் ஊதா அஸ்ரர் பூவிலும் வந்து குடிக்கும். அந்தத் தேன்தான் மெக்சிக்கோவின் மலைக்காடு வரை 3,000 கிலோமீற்றருக்கு மேல் போவதற்கான எரிபொருள். பெரியவளுக்கு ஆண் பெண் பிரிக்கக் காட்டிக்கொடு. பின்சிறகு ஒவ்வொன்றிலும் நரம்போடு ஒட்டி ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் ஆண். பொட்டில்லாமல் கறுப்பு நரம்பு தடிப்பாக இருந்தால் பெண். பின்சிறகின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அது மொனாக்கே அல்ல, வைஸ்ரோய். சிறகில் ஆய்வாளர்கள் ஒட்டிய சின்ன வட்ட ஒட்டி தெரிந்தால் படம் எடுத்து, அதிலுள்ள இலக்கத்தை அவர்களுக்கு அனுப்பிவிடு. எங்கே ஒட்டினார்கள் என்று தெரியவரும்.

ஒக்ரோபருக்குப் பைனாகுலர் வேண்டும். பிள்ளைக்கு 8×32 போதும், அதைவிடப் பெரிதென்றால் கை நடுங்கும். முதலில் இரண்டு குழலையும் மடக்கி விரித்து ஒரே வட்டம் தெரியச் செய். வலது கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்கு. பிறகு இடது கண்ணை மூடி வலது குழல் வளையத்தை மட்டும் திருப்பு. வளையம் நிற்கிற அந்த இடம் பெரியவளின் கண்ணுக்குரியது, பிறகு மாற்றத் தேவையில்லை. பிள்ளைகள் விடுகிற பிழை, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரமெல்லாம் தேடுவது. வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்கு. உச்சியில் மஞ்சள் கோடு போட்ட கிங்லெற் குருவியில் பழகுவது சுகம். எடை ஆறு கிராம்தான், இரண்டு டொலர் நாணயத்தைவிடக் குறைவு. ஆனால் ஆளுக்குப் பயப்படாமல் இடுப்பளவு உயரச் செடியிலேயே பூச்சி பொறுக்கும்.

ஆந்தை விடயத்தில் மட்டும் மிகவும் கவனம். சோ-வெற் ஆந்தை ஒரு சாண் உயரம்கூட இராது. பகலில் பைன், சீடர் மரங்களின் அடர்ந்த இலைக்குள் உறங்கும். மரத்தின் கீழே வெள்ளை எச்சம் தெறித்திருந்தால் நேர் மேலே மெல்லப் பார். சிக்கடிக் குருவிகள் ஒரு மரத்தைச் சுற்றி ஓயாமல் சண்டை பிடித்தாலும் உள்ளே அது இருக்கலாம். கண் மூடியபடி உருண்டையாக இருந்தால் நல்லது. உடம்பை ஒடுக்கி ஒல்லியாக நீட்டிக் கண்ணை அகல விழித்தால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள், உடனே பின்வாங்குங்கள். பகலில் பறக்க வைத்தால் பருந்து பிடித்துவிடும். கிளையை விலக்கிப் படம் எடுப்பது வேண்டாம், இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம். ஒருவர் போட்டால் மாலைக்குள் அந்த மரத்தடியில் கூட்டம் நிற்கும்.

இனித்தான் எனக்குப் பெரிய கவலை. சிவந்த இலை பொறுக்குவது பிள்ளைகளுக்கு ஆசை. தீவில் பாதையோரமும் மணல் மேட்டிலும் பொய்சன் ஐவி நிறைய உண்டு, இலையுதிர்காலத்தில் மிக அழகாகச் சிவப்பதும் அதுதான். அடையாளம்: மூன்று சிற்றிலை. நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு, பக்கத்து இரண்டும் தண்டோடு ஒட்டியிருக்கும். காய் வெள்ளை. ஐந்து சிற்றிலையென்றால் வேறு கொடி. தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்குவது அதன் எண்ணெய், இலை உதிர்ந்த தண்டிலும் அது இருக்கும். மாவும் மரமுந்திரிகையும் இதே குடும்பம். மாங்காய்ப்பால் பட்டு உதடு புண்ணாகிறவர்களுக்கு இதுவும் மோசமாகத் தாக்கலாம், மருமகன் அப்படியானவர் என்பதை மறக்காதே. தொட்டுவிட்டால் பத்து நிமிடத்துக்குள் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தாலும் குளிர்ந்த தண்ணீராலும் நன்றாக உரஞ்சிக் கழுவ வேண்டும். அது வெறும் அழுக்கில்லை, ஒட்டுகிற எண்ணெய், தண்ணீர் மட்டும் போதாது. குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தீவில் பல இடங்களில் தண்ணீரை நிறுத்திக் கழிப்பறைகளையும் பூட்டிவிடுவார்கள். அதனால் சின்னப் போத்தலில் சவர்க்காரமும், குடிக்கிற தண்ணீருக்கு மேலதிகமாக ஒரு லீற்றரும் கொண்டுபோ. அரிப்பு அன்றைக்கே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். சப்பாத்து நாடாவையும் கழுவு. கழுவாத நாடாவைக் கட்டித்தான் திரும்பத் திரும்ப வரும். மேப்பிள் இலை வேண்டுமென்றால் புல்வெளியில் நிற்கிற மரத்தடியில் பொறுக்கட்டும்.

உண்ணியும் கோடையோடு முடிவதில்லை. வெப்பம் 4 பாகைக்கு மேலென்றால் வளர்ந்த உண்ணி திரியும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடு. வீட்டுக்கு வந்ததும் காதுப்பின்புறம், தலைமயிர், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார். கடித்திருந்தால் நுனி கூரான சாமணத்தால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழு. எண்ணெய் பூசுவது, சுடுவது எல்லாம் வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் நோய்க்கு வாய்ப்புக் குறைவு.

பாண் துண்டு கொண்டுபோகாதே. காட்டுயிர்களுக்குத் தீன் போட நகரம் தடை போட்டிருக்கிறது, அது நியாயமும்தான். பாண் தின்று பழகிய வாத்தும் றக்கூனும் ஆளைத் தேடி வரும், பிறகு கடிக்கும். பகலில் தள்ளாடி நடக்கிற றக்கூனைக் கண்டால் விலகி நின்று நகரத்தின் 311 இலக்கத்துக்கு அழை, அதற்கு நோய் இருக்கலாம். பென்சில் சீவியது போல் கூம்பாக அறுந்த மரக்கட்டைகள் பீவரின் வேலை. குளிர்காலத்துக்குக் கிளை சேர்க்கிற காலம் என்பதால் மாலையில் தண்ணீரோரம் பொறுத்து நின்றால் காணலாம்.

ஆனால் இருட்டும்வரை நிற்காதே. ஒக்ரோபர் நடுவில் மாலை 6:30 அளவில் சூரியன் மறையும். நவம்பரில் மணிக்கூட்டை மாற்றியபின் 5 மணிக்கே. ஏரிக்காற்று ஊடுருவும், நகரத்தில் போதுமாயிருக்கிற உடுப்பு அங்கே போதாது. காற்றுத் தடுக்கிற மேலாடையும் தொப்பியும் போடு. கடைகள் பூட்டியிருக்கும், றோல்ஸும் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுபோ. சின்னவனுக்குக் கையுறை இரண்டு சோடி வை, ஒன்றை எப்படியும் தண்ணீருக்குள் விடுவான்.

அன்புடன்,
அம்மா